அங்கிக்குள் இருக்கும் நார்: களஞ்சியப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

யாழ்ப்பாணம் குருநகர் கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒருவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வெயிலில் நெடுநாள் கிடந்த நைலோன் வலையின் ஒரு கண்ணை விரல்களுக்கிடையில் பிடித்துச் சுண்டி இழுப்பார். டிக்கென்று அறுந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது பொருத்துவார். நார் செத்துவிட்டதா என்று அறிய அவருக்கு வேறு கருவி தேவையில்லை.

குண்டையோ வெடியில் சிதறும் துண்டையோ தடுக்க அணியும் பாதுகாப்பு அங்கியில் அந்த வசதி கிடையாது. பல அடுக்கு நார், மேலுறைக்குள்ளும், அதற்குள்ளே தைத்து மூடிய இன்னொரு உறைக்குள்ளும் இருக்கிறது. அந்த உள்ளுறையோடு சேர்ந்த பொதியைத்தான் உள்ளடுக்கு என்கிறேன். சுண்டிப் பார்க்க முடியாது. வெட்டிப் பார்த்தால் அங்கி பழுது. வெளியிலிருந்து பார்த்தால் பத்து வருட அங்கியும் பத்து மாத அங்கியும் ஒன்றுபோலவே தெரியலாம். மிதிவெடி அகற்றும் அணி ஒன்றின் களஞ்சியத்தைப் பல வருடங்கள் கவனித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி, தங்கச்சிமாரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பணம் ஏற்றும் வாகனத்தில் காவலுக்குப் போகிறவர்களின் அங்கிகளைப் பராமரிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: உள்ளே என்ன நார் என்று அறியுங்கள்

சாவியைக் கையில் வாங்கிய அன்றே எல்லா அங்கிகளையும் மேசையில் பரப்பி, உள்ளடுக்கில் ஒட்டியிருக்கும் லேபலை வாசியுங்கள். மேலுறையின் லேபல் போதாது. மேலுறை மாறியிருக்கலாம். என்ன நார், எந்த மாதம் தயாரித்தது, தொடர் இலக்கம் என்ன, எத்தனை வருட உத்தரவாதம் என்ற நான்கையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். லேபலே வாசிக்க முடியாமல் அழிந்துபோன அங்கியைத் தனியாக ஒதுக்குங்கள். வயது தெரியாத அங்கியை ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது.

பெரும்பாலும் நீங்கள் காண்பது அரமிட் நாராக இருக்கும். கெவ்லார், துவாரோன் என்பவை அதன் வணிகப் பெயர்கள். கெவ்லாருக்கு வழி திறந்தவர் டியூபொன்ட் நிறுவனத்தில் வேலை செய்த ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர். ஆண்டு 1965. இதன் மூலக்கூறுகள் வளையாத நீண்ட குச்சிகள் மாதிரி, நாரின் நீளவாக்கில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கும். பக்கத்துக் குச்சிகளை ஐதரசன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் அதே நிறையுள்ள உருக்கைவிட ஐந்து மடங்கு பலம் என்கிறார்கள். இந்தப் பலம் முழுவதும் இழுப்பதற்குத்தான். மடித்து அமுக்கினால் அது பலவீனமான நார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது உயர் மூலக்கூற்று நிறையுடைய பொலியெத்திலீன். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று லேபலில் இருக்கும். வேதியியலில் இது நம் சொப்பின் பையின் சொந்தக்காரன். ஆனால் மூலக்கூற்றுச் சங்கிலிகள் பல மடங்கு நீளமானவை, நேராக இழுத்து அடுக்கப்பட்டவை. தண்ணீரில் மிதக்கும். தண்ணீரைக் குடிக்காது. ஆனால் ஏறத்தாழ 150 பாகை செல்சியஸில் உருகிவிடும். அரமிட் உருகாது, 400 பாகையைத் தாண்டிய பிறகுதான் சிதையத் தொடங்கும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே இரண்டு அங்கிகளையும் வேறு வேறு விதமாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

லேபலில் சைலோன் அல்லது பிபிஓ (அதே நாரின் வேதியியல் பெயர்ச் சுருக்கம்) என்று இருந்தால் கேள்வியே வேண்டாம், ஒதுக்குங்கள். அதன் கதையைப் புதிதாக வருகிற எல்லோருக்கும் நான் சொல்வேன். கெவ்லாரைவிடப் பலமான நார் என்று 1990களின் கடைசியில் அங்கிகளுக்குள் வந்தது. மெல்லியது, பாரமில்லாதது, எல்லோருக்கும் பிடித்தது. 2003 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பொலிஸ் அதிகாரியின் சைலோன் அங்கியைத் துளைத்துக் குண்டு உள்ளே போனது. பொலிஸார் ஏற்கெனவே பாவித்த சைலோன் அங்கிகள் 103 ஐ அந்த நாட்டின் தேசிய நீதி நிறுவனம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆறு தரம் சுட்டுப் பார்த்தது. 60 அங்கிகளில் ஒரு குண்டாவது துளைத்தது. 2005 இல் அந்த நாருக்கு அங்கீகாரம் இல்லாமல் போனது. காற்றிலிருந்த ஈரமும் வெளிச்சமும் அதன் மூலக்கூற்று வளையங்களைத் திறந்துவிட்டன. நார் தயாரிக்கும்போது உள்ளே தங்கிவிட்ட பொசுபோரிக் அமிலத்தின் மிச்சம் அதற்குத் துணை நின்றது. அணிந்திருந்தவர்களுக்கு வெளியில் ஒரு அடையாளமும் தெரியவில்லை. எனக்கு நித்திரை கெடுத்த விஷயம் அதுதான்.

நாரின் எதிரிகள், நம் ஊர்க் கணக்கில்

அங்கியின் வயதை வருடத்தால் மட்டும் அளக்க முடியாது. 1980களில் அதே அமெரிக்கத் தேசிய நீதி நிறுவனம் பழைய அரமிட் அங்கிகளைச் சுட்டுப் பார்த்தபோது, வயது மட்டும் அவற்றைக் கெடுப்பதில்லை, பட்ட பாடுதான் கெடுக்கிறது என்றே கண்டார்கள். ஒரே நாளில் வாங்கிய இரண்டு அங்கிகளில் ஒன்று அலுமாரிக்குள் இருந்திருக்கும், மற்றது முகமாலை வெளியில் ஆறு சோளகம் கண்டிருக்கும். இரண்டும் ஒரே வயதென்று கொப்பியில் எழுதினால் அது பொய்க்கணக்கு.

வெயிலை முதலில் சொல்கிறேன். அரமிட்டுக்கு அதுதான் பெரிய எதிரி. சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிரையும், அதை ஒட்டிய ஊதா ஒளியையும் இந்த நார் தானே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய சக்தி சங்கிலியை அறுக்கும், பக்கத்தில் ஒட்சிசன் இருந்தால் இன்னும் வேகமாக அறுக்கும். பொன்மஞ்சள் நார் கபில நிறமாகும். ஒரு நல்ல விஷயமும் உண்டு. மேலடுக்கு வெயிலைக் குடித்துக் கீழடுக்குகளுக்கு நிழல் கொடுக்கும். அதனால் இருபது அடுக்கும் ஒரேயடியாகக் கெடுவதில்லை. ஆனால் உறை கிழிந்து ஓரம் வெளியே தெரிந்தால், அந்த ஓரத்தில் எல்லா அடுக்கின் விளிம்பும் வெயிலுக்கு முகம் காட்டும். யன்னல் கண்ணாடி தடுத்துவிடும் என்றும் நம்பாதீர்கள். அரமிட்டைக் கெடுக்கும் ஒளியில் ஒரு பெரும் பங்கு சாதாரண கண்ணாடிக்குள்ளால் வந்துவிடும்.

ஈரம் இரண்டு விதமாக வேலை செய்யும். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது தற்காலிகம். நெய்த அரமிட் துணி நனைந்தால் நூல்களுக்கிடையில் தண்ணீர் எண்ணெய் போல நின்று, நூல் நூலோடு உரசிப் பிடிக்காமல் வழுக்கும். சிதறி வருகிற துண்டு நூல்களை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். காய்ந்தால் பலம் திரும்பும். நீர் புகாத உள்ளுறை இருப்பதே இதற்காகத்தான். இரண்டாவது நிரந்தரம். நீர்ப்பகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நீர் மூலக்கூறு, அரமிட் சங்கிலியைக் கோத்து வைத்திருக்கும் அமைட் பிணைப்புக்குள் புகுந்து சங்கிலியை வெட்டிவிடும். சாதாரண வெப்பத்தில் அரமிட்டில் இது மிக மெதுவாக நடக்கும். சூடோடு அமிலமோ காரமோ சேர்ந்தால் வேகம் பிடிக்கும். ஊறிக் காயாத வேர்வையோடு ஒரு அங்கியைத் தகரக் கொட்டிலுக்குள் பூட்டி வைப்பது நீர்ப்பகுப்புக்கு விருந்து வைப்பது மாதிரி.

பொலியெத்திலீனுக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. அதற்குச் சூடுதான் ஆகாது. உருகுவதற்கு வெகு முன்பே பலம் குறையத் தொடங்கும். பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல நீளும். அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை விடும். 70 பாகைக்கு மேல் நெடுநேரம் இருக்க விடவே கூடாது. நடு மத்தியானம் வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்தின் உள்ளே 60 பாகையைத் தாண்டலாம், வெயில் நேரே விழும் இடம் அதற்கும் மேலே போகும். அதனால் எங்கள் களஞ்சியத்தில் ஒரு சட்டம் இருந்தது: மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினாலும் அங்கி வாகனத்தில் இருக்கக்கூடாது.

மடிப்பு, மூன்றாவது. அரமிட் அமுக்கத்துக்குப் பலவீனம் என்று சொன்னேன் அல்லவா? ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் மடிப்பின் உட்பக்க நார்களில் நுணுக்கமான முறிவுகள் விழும். அங்கியைச் சுருட்டித் தலையணையாக வைத்துப் படுப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். களைப்பு எனக்கு விளங்கும். ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புது அங்கியைச் சோதிக்கும் இடத்தில் இந்த எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்து பார்க்கிறார்கள். 2008 இல் வந்த அமெரிக்க நியமத்தில், அங்கிகளை 65 பாகைச் சூட்டிலும் 80 சதவீத ஈரப்பதனிலும் பத்து நாட்கள் ஒரு உருளைக்குள் போட்டு 72,000 தரம் புரட்டிய பிறகுதான் சுடுவார்கள். சைலோன் தந்த பாடம் அது. மிதிவெடி வேலைக்கான சர்வதேச நியமம் வேறு. அதில் குண்டு அல்ல, சிதறும் துண்டுகள்தான் கணக்கு. 1.1 கிராம் துண்டு செக்கனுக்கு 450 மீற்றர் வேகத்தில் வந்தால் பாதித் தரம் நிற்க வேண்டும் என்ற அளவு. லேபலில் வி-50 என்று காண்பது இந்த எண். அது புதிதாக இருந்த அன்றைய எண் என்பதை மறக்க வேண்டாம்.

வேலை முடிந்து வரும் அங்கியை என்ன செய்வது

கையில் வாங்கியதும் மேலுறையிலிருந்து உள்ளடுக்கை வெளியே எடுங்கள். மேலுறையை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் சாதாரண சவர்க்காரம் போட்டுத் தோய்க்கலாம். உள்ளடுக்கை ஒருபோதும் தண்ணீரில் அமிழ்த்தாதீர்கள். ஈரத் துணியால் உறையைத் துடைத்தால் போதும். குளோரின் கலந்த வெளுக்கும் திரவம் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கக்கூடாது. அரமிட்டை அது நேராகத் தின்னும். இஸ்திரிப்பெட்டி, உலர்சலவை, பெற்றோல், தின்னர் எதுவும் வேண்டாம்.

நாற்றம் பற்றி ஒரு வார்த்தை. பூஞ்சணத்துக்கு அரமிட்டோ பொலியெத்திலீனோ சாப்பாடு அல்ல. அது வேர்வையையும் ஊத்தையையும்தான் தின்கிறது. ஆனால் நாற்றம் தாங்காமல் யாரோ ஒருவர் வெளுக்கும் திரவத்தில் ஊற வைத்துவிடுவார். உண்மையான ஆபத்து அங்கேதான். இப்படி ஒரு நல்ல எண்ணத்தில் நடந்த வேலையால் நான் ஐந்து அங்கிகளை ஒதுக்க வேண்டி வந்தது. ஆகவே மேலுறையை அடிக்கடி தோயுங்கள். ஒவ்வொரு அங்கிக்கும் இரண்டு மேலுறை இருந்தால் இன்னும் நல்லது.

காயப்போடுவதிலும் பழக்கம் மாற வேண்டும். நம் வீடுகளில் ஈரமென்றால் கொடியில், வெயிலில். அங்கிக்கு அது ஆகாது. நிழலில், காற்றோட்டத்தில், கம்பி வலை போட்ட தட்டில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றும் காயாது. அப்போது ஒரு மின்விசிறியை அதற்கென்றே ஒதுக்குங்கள். ஈரமான அங்கியை மறுநாள் காலை யாருக்கும் கொடுக்காதீர்கள், எவ்வளவு அவசரம் என்றாலும்.

வைக்கும் இடம்

இருட்டு, குளிர்ச்சி, உலர்ச்சி. இந்த மூன்றும் யாழ்ப்பாணத்தில் சும்மா கிடைக்காது, உண்டாக்க வேண்டும். பெரும்பாலான களஞ்சியங்கள் தகரக் கூரை. நாங்கள் தகரத்துக்கு மேல் கிடுகு போட்டு, கீழே ஒரு தட்டியடித்தோம். பெரியவர்கள் மாட்டுக் கொட்டிலுக்குச் செய்வதுதான். வெப்பமானியில் வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது. சுவரில் ஒரு வெப்பமானி கட்டாயம் தொங்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்து எழுதுங்கள், காலையில் பார்ப்பதில் பயனில்லை.

அங்கிகளை றாக்கையில் தட்டையாக, நெஞ்சுப்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு அடுக்க வேண்டாம். தோள்பட்டியை ஆணியில் கொளுவித் தொங்கவிட்டால் பாரம் முழுவதும் பட்டியில் இறங்கும், உள்ளடுக்கு அடியில் போய் உட்கார்ந்து நெஞ்சுக்கு மேலே வெறும் துணிதான் மிஞ்சும். உவர்க்காற்று வருகிற பக்கத்து யன்னலை அடையுங்கள். உப்புப் படிந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மாதாந்தப் பரிசோதனை

மாதத்தில் ஒரு நாள், அவசரமில்லாத நாளாகப் பாருங்கள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவுங்கள். மெய்யாகவே சொல்கிறேன், கண் ஏமாறும் இடத்தில் கை ஏமாறாது. உள்ளடுக்கில் குழியோ கட்டியோ, ஓரத்தில் சுருட்டலோ, நடுவில் நிரந்தரமாக விழுந்த மடிப்போ தட்டுப்படும். பொலியெத்திலீன் என்றால் ஓரத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். அடுக்குகள் பிரிந்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்த மாதிரிப் பொதுபொதுவென்றிருக்கும்.

பிறகு கண். உள்ளுறையின் தையலையும் விளிம்பையும் ஒவ்வொரு அங்குலமாகப் பாருங்கள். ஊசித்துளை அளவு ஓட்டை என்றாலும் எழுதுங்கள். உள்ளுறை கிழிந்தால் நீங்கள் தைக்கவோ ரேப் ஒட்டவோ வேண்டாம், அந்த அங்கி வேலைக்குப் போகாது. மேலுறையின் நிறம் எங்கே மங்கியிருக்கிறது என்று பாருங்கள். மேலுறைதான் உங்கள் நாட்காட்டி. தோளில் வெளுத்திருந்தால் தோளில் வெயில் விழுந்திருக்கிறது, மேலுறை புதிதாக இருந்தால் அதை எப்போது மாற்றினீர்கள் என்று கொப்பியைப் பாருங்கள். ஒட்டுப்பட்டிகள் பிடிக்கிறதா என்பதும் சின்ன விஷயமல்ல. பட்டி வழுக்கினால் அங்கி கீழே இறங்கும், கழுத்து வெளியே தெரியும்.

அங்கியோடு அணியும் ஒளிபுகும் முகக்கவசம் நார் அல்ல, பொலிகாபனேற்று என்ற பிளாஸ்டிக். அதையும் அதே நாளில் பாருங்கள். மஞ்சளித்திருந்தால், மயிர் போல வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். தின்னர், பெற்றோல், கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவம் எதுவும் படக்கூடாது.

கொப்பி

ஒரு நாள் காலையில் அங்கி வாங்க வந்த ஒரு தங்கச்சி, இரண்டு பிள்ளைகளின் தாய், அதை மாட்டிக்கொண்டே கேட்டா: “அண்ணை, இது இன்னும் தாங்குமோ?” நான் “ஓம், ஓம்” என்றேன். அவ போன பிறகுதான் யோசித்தேன், எதை வைத்து ஓம் சொன்னேன் என்று. அந்த அங்கி எனக்கு முன்பிருந்தவரிடமிருந்து வந்தது. அவர் எங்கே வைத்திருந்தார், எத்தனை தரம் நனைந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. அன்று பின்னேரமே அதை ஒதுக்கி, அவவுக்குத் தயாரிப்பு மாதம் தெரிந்த வேறொன்றைக் கொடுத்தேன். ஒரு அங்கிக்கு ஒரு பக்கம் என்று கொப்பி திறந்தது அடுத்த நாள்.

அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது? வெளியில் போன நாட்கள், நனைந்த நாட்கள், மேலுறை மாற்றிய நாள், மாதப் பரிசோதனையில் கண்டது, யார் அணிகிறார். ஒரு அங்கி ஒருவருக்கு மட்டும் என்று வைத்தால் எழுதுவதும் இலகு, அவரும் தன்னுடையது என்று கவனிப்பார். உடம்புக்கு ஏற்ற அளவும் கிடைக்கும். சிறிய உடம்புக்காரர் பெரிய அங்கியை இழுத்துக் கட்டும்போதுதான் அதிக மடிப்பு விழுகிறது.

ஒதுக்கும் நேரம்

உத்தரவாதக் காலம் பெரும்பாலும் ஐந்து வருடம். அது முடிந்த மறுநாளே நார் செத்துவிடும் என்றில்லை. ஆனால் அதற்குப் பிறகு தாங்கும் என்று சொல்ல ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. அந்தப் பொறுப்பை நீங்களும் உங்கள் தலையில் எடுக்காதீர்கள். நிர்வாகம் நீடிக்க விரும்பினால், அதே தொகுதியில் அதிகம் பாடுபட்ட இரண்டு மூன்றைத் தெரிந்து, சோதனைக்கூடத்துக்கு அனுப்பிச் சுட்டுப் பார்த்து, அறிக்கையைக் கொண்டு வரட்டும். தேர்ந்தெடுக்கும்போது கொப்பியைப் பாருங்கள். நல்ல நிலையில் இருப்பதை அனுப்பினால் நல்ல பதில்தான் வரும். ஒரு தரம் துண்டோ குண்டோ பட்ட அங்கிக்கு இந்தப் பேச்சே இல்லை, அது முடிந்தது.

ஒதுக்கிய அங்கியின் உள்ளடுக்கில் அழியாத மையால் பெரிய குறுக்குக் கோடு போடுங்கள். பட்டிகளை வெட்டிவிடுங்கள். “சும்மா கிடக்குது, தாருங்கோ” என்று கேட்டு வருவார்கள், தோட்டத்துக் காவலுக்கு, மோட்டார்ச் சைக்கிளுக்கு என்று. கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஒருநாள் அது யாரோ ஒருவரின் நெஞ்சில் நம்பிக்கையாக ஏறும். எரிக்கவும் வேண்டாம். அரமிட் எரியும் புகையில் ஐதரசன் சயனைட்டும் வரும். உள்ளடுக்கை வெட்டச் சாதாரண கத்தரிக்கோல் போதாது, அரமிட்டுக்கென்று இருக்கும் கத்தரிக்கோல் வாங்குங்கள். துண்டுகளாக்கி, எண்ணி, நிறுத்து, இரண்டு பேர் கையெழுத்தோடு அகற்றுபவர்களிடம் ஒப்படையுங்கள்.

கொப்பியில் அந்த அங்கியின் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். குறுக்கே கோடு போட்டுத் திகதி எழுதி அப்படியே விடுங்கள். புதிதாக வரும் அங்கிக்குப் பழைய இலக்கத்தைக் கொடுக்காமல் அடுத்த இலக்கத்தைக் கொடுங்கள்.